எங்கள் வீட்டு எண்ணெய்ப் போத்தலில் 2014

எங்கள் வீட்டு அடுப்படித் தட்டில் ஒரு போத்தல் இருக்கிறது. நிறமே இல்லாத தடித்த கண்ணாடி. அடிப்பக்கம் தட்டை. முன்பக்கம் தங்க நிற லேபிள். அம்மா அதில் தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். ஹல்துமுல்லையில் தை மாதக் குளிருக்குக் காலையில் எண்ணெய் உறைந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். பழைய பச்சைப் போத்தலில் வைத்திருந்தபோது கவிழ்த்துப் பார்த்தால்தான் உறைந்தது தெரியும். இதில் வாசலில் நின்றே தெரிகிறது. உறைந்திருந்தால் திட்டில் கொண்டுபோய் வெயிலில் வைப்போம். "நல்ல போத்தல்" என்பார் அம்மா.

அந்த நல்ல போத்தலில் முன்பு இருந்தது கிறிஸ்டல் என்ற ஷாம்பெயின். செய்தவர்கள் பிரான்ஸில் ரேம்ஸ் நகரத்தில் இருக்கும் லூயி ரோடரர் என்ற குடும்ப நிறுவனம். லேபிளில் ஒரு வருஷம் அச்சடித்திருக்கிறது. 2014.

போத்தலைக் கொண்டுவந்தது அண்ணன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஸ்டூவர்ட் வேலை. டிசம்பர் 31 இரவு பார்ட்டியில் ஒரு மேசைக்காரர்கள் எடுத்த போத்தலாம். விடியக்காலையில் மேசை துடைக்கும்போது, இவ்வளவு அழகான கண்ணாடியைக் குப்பையில் போட மனசு வராமல் எடுத்து வைத்திருக்கிறான். இந்த வருஷப் பொங்கலுக்கு பதுளை பஸ்ஸில் வந்து இறங்கியபோது ரீஷேர்ட்டில் சுற்றி பையின் நடுவில் வைத்திருந்தான். அம்மா அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சம்பளம் கொண்டாருவான்னு பாத்தா போத்தல் பொறுக்கிட்டு வந்துருக்கான்" என்றார். பிறகு கழுவி வெயிலில் காயவைத்தார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஷாம்பெயின் குடித்ததில்லை. அண்ணன் மட்டும் கிளாஸில் மிஞ்சியிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான். "முதல்ல தேசிக்காய் மாதிரி. அப்பறம் பேக்கரிக்குள்ள போன மாதிரி ஒரு வாசம். கடைசியில சுண்ணாம்பு நக்குன மாதிரி" என்றான். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டதற்கு, "வெலய கேட்டதுக்கப்பறம் நல்லா இருந்துச்சு" என்றான். ஆகவே இதை ஒரு வெறும் போத்தலுக்கு எழுதும் விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

'விண்டேஜ்' என்ற சொல் எனக்குப் பழைய கார், பழைய கேமரா என்றுதான் தெரியும். கம்பஸில் யாராவது தாத்தா காலத்து மணிக்கூடு கட்டிக்கொண்டு வந்தால் விண்டேஜ் என்போம். வைனில் அதற்குப் பழசு என்று பொருள் இல்லை. இந்தப் போத்தலில் இருப்பது ஒரே வருஷத்து அறுவடை என்றுதான் பொருள். மற்றதை அண்ணனுக்கு ஹோட்டலில் கொடுத்த பயிற்சிப் புத்தகத்திலும், போனிலும் தேடிப் படித்தேன்.

திராட்சைச் சாறு முதலில் சாதாரண வைனாகப் புளிக்கிறது. பிறகு அதைப் போத்தலில் ஊற்றி, கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத காற்று வைனுக்குள்ளேயே கரைகிறது. போத்தலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஈஸ்ட் செத்து அடியில் படியும். அந்தச் செத்த ஈஸ்டோடு வைனை வருஷக்கணக்கில் இருட்டில் கிடத்தி வைக்கிறார்கள். அண்ணன் சொன்ன பேக்கரி வாசம் அதிலிருந்து வருவது. கடைசியில் போத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறப்பார்கள். உறைந்த வண்டல் துள்ளிக்கொண்டு வெளியே வரும். பிறகுதான் தக்கை.

சாதாரண ஷாம்பெயினில் பல வருஷத்து வைனைக் கலப்பார்கள். கொழும்பில் பாக்கெட் தேயிலைக்குப் பல தோட்டத்துத் தூளைக் கலப்பதும் இதற்குத்தான். எந்த வருஷம் வாங்கினாலும் ஒரே ருசி வரவேண்டும். வெயிலும் மழையும் கணக்காக அமைந்து பழம் சிறப்பாக வந்த வருஷத்தில் மட்டும் அதைக் கலக்காமல் தனியாக எடுத்து, அந்த வருஷத்தை லேபிளில் போடுவார்கள். அப்படிப் போட்டால் குறைந்தது மூன்று வருஷம் நிலவறையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கிறிஸ்டலை ஆறு வருஷம் அளவில் வைப்பார்கள். எது நல்ல வருஷம் என்று முடிவெடுப்பது அந்தந்த வீட்டுக்காரர்கள்.

'வீடு' என்றுதான் அங்கே சொல்கிறார்கள், ஷாம்பெயின் வீடு. ரோடரர் வீடு 1776இல் தொடங்கியது. 1833இல் லூயி ரோடரர் என்பவருக்கு மாமா வழியாக வந்து, அவர் பேரை எடுத்துக்கொண்டது. மற்ற வீட்டுக்காரர்கள் விவசாயிகளிடம் பழம் வாங்கிச் செய்துகொண்டிருந்த காலத்தில் இவர் சொந்தமாகத் திராட்சைத் தோட்டங்களை வாங்கினார். இன்றைக்கும் கிறிஸ்டலுக்குப் பழம் சொந்தத் தோட்டத்திலிருந்துதான். 1876இல் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்சாண்டருக்காக இந்தத் தெளிந்த போத்தலைச் செய்தார்கள். அடியில் குழி இருந்தால் அதில் குண்டை ஒளித்து வைப்பார்கள், நிறமிருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்று ஜார் பயந்தாராம். அதனால்தான் தட்டை அடி, நிறமில்லாத கண்ணாடி. ஐந்து வருஷம் கழித்து, 1881இல், அவரைத் தெருவில் வைத்துக் குண்டு வீசித்தான் கொன்றார்கள்.

அவர் போத்தலுக்குள் சதியைத் தேடினார், நாங்கள் எண்ணெய் உறைந்ததா என்று பார்க்கிறோம். இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். "ராசாவுக்கும் போத்தல பாத்தா பயம்தானா? ஒங்கப்பாவோட போத்தல பாத்து நான் பயந்த மாதிரி" என்றார். அப்பா வெளியே எழுந்து போய்விட்டார்.

1917 புரட்சியோடு ரஷ்யச் சந்தை போனது. பிறகு கமீல் ஒல்ரி ரோடரர் என்ற விதவைப் பெண் 1930களில் பொறுப்பெடுத்து, நாற்பது வருஷத்துக்குக் கிட்ட அந்த வீட்டை நடத்தினார். இப்போது நடத்துபவர் ஃபிரெடெரிக் ரூஸோ, ஏழாவது தலைமுறை. பங்குச்சந்தைக்காரன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் எங்கே என்று கேட்பான். குடும்பம் என்றால் ஆறு வருஷம் பொறுக்கலாம், பேரப்பிள்ளைக்கு வைக்கலாம். குடும்பச் சொத்தாக இருப்பதின் பலம் இதுதான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள்.

*

எங்கள் வீட்டிலும் தலைமுறைக் கணக்கு உண்டு.

அப்பாயியின் அம்மா இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவருக்கு முந்தியவர்கள் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள் என்று அப்பாயிக்கே சரியாகத் தெரியாது. திருச்சிப் பக்கம் என்பார். பிறகு அப்பாயி, பிறகு அம்மா. அண்ணனும் நானும் நான்காவது தலைமுறை. இரண்டு பேரும் அந்த வரிசையிலிருந்து இறங்கிவிட்டோம். அவன் கொழும்புக்கு, நான் பேராதனைக்கு. ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே தொங்கல் காம்பரா. ஆனால் இதை யாரும் குடும்பத் தொழில் என்று சொல்வதில்லை. கூடை மட்டும்தான் எங்களுடையது.

இந்த மலைகளை வாங்கி விற்றவர்களின் கதை வேறு. எங்களுக்கு மேலே அப்புத்தளைக்கு அந்தப்பக்கம் தம்பேதன்னை இருக்கிறது. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டம். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த இடம் என்று லிப்டன் சீற்றுக்கு இப்போதும் வெள்ளைக்காரர்கள் முச்சக்கரவண்டியில் போகிறார்கள். லிப்டனுக்கு வாரிசாகப் பிள்ளை இல்லை. 1931இல் செத்தார். அந்தப் பேர் அதற்குப் பிறகு எத்தனையோ கம்பனி கைமாறியும் இன்னும் தேயிலைப் பெட்டியில் இருக்கிறது. தோட்டங்களும் அப்படித்தான். வெள்ளைக்காரன் கம்பனி, 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கம், 1992இல் மறுபடி தனியார் கம்பனிகளுக்குக் குத்தகை. துரை மாறுவார், லெட்டர்ஹெட் மாறும். லயத்துக்குள் இருக்கும் பேர் மாறாது. ஒரு பிள்ளை இல்லாதவரின் பேர் நிலைத்துவிட்டது. நான்கு தலைமுறைப் பிள்ளைகளின் பேர் பெரட்டுக் களத்துச் செக்ரோலைத் தாண்டவில்லை.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மா இன்னும் கொஞ்ச வருஷத்தில் பென்ஷன் எடுத்துவிடுவார். அப்பா ஏற்கெனவே பேர் வெட்டிக்கொண்டு மேசன் வேலைக்குப் போகிறார். வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் காம்பராவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஒருத்தரும் இல்லையென்றால்? போன வருஷம் ஒரு அதிகாரி சும்மா போகிறபோக்கில் கேட்டாராம், "ஒங்க வீட்டுல அடுத்தது யாரு?" என்று. அம்மா அதை என்னிடம் சொன்னது மூன்று மாதம் கழித்துத்தான். ரோடரர் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்வார்கள். அங்கே அதற்கு வாரிசு என்று பொருள். எங்களிடம் கேட்டால் பெட்டியைக் கட்டத் தயாரா என்று பொருள்.

*

இனி 2014.

அந்த வருஷம் ஷாம்பெயின் பிரதேசத்தில் செப்டம்பரில் பழம் பறித்தார்கள். ஒக்டோபர் கடைசியில் அந்தச் சாறு ரேம்ஸில் நொதித்துக்கொண்டிருந்திருக்கும் அல்லது நொதித்து முடிந்து அமைதியாகியிருக்கும். அந்த ஒக்டோபரின் 29ஆம் திகதி, புதன்கிழமை காலை, எங்கள் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்துக்கு மேலே இருந்த மலை இறங்கியது.

எனக்கு அப்போது 11 வயது, ஆறாம் வகுப்பு. நாலைந்து நாளாக மழை. அன்று காலை பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அதிபருக்கு போன் வந்தது. அவர் பேசி முடித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை. மண்வெட்டியும் இல்லை. எங்கள் தோட்டத்து ஆம்பிளைகள் லொறியில் பெரகலைக்குப் போய், அங்கிருந்து கொஸ்லந்தைக்கு நடந்தும் ஏறியும் போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அப்பா வந்தார். கிணற்றடியில் ரொம்ப நேரம் கைகழுவினார். சாப்பிடவில்லை. "லயம் இருந்த எடமே தெரியல. ஒரு அலுமாரிக் கதவு மட்டும் கெடச்சிச்சு" என்றார். அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. அந்த மலையில் ஆபத்து இருக்கிறது, சனங்களை எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருஷ அவகாசம். ஒரு கிறிஸ்டல் போத்தலுக்குக் கொடுக்கும் காலத்தைவிடக் கூடுதல்.

எத்தனை பேர் போனார்கள் என்பதில்தான் என் மனசு அடிக்கடி நிற்கும். முதல் நாள் செய்திகளில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். நாள் போகப் போக எண்ணிக்கை இறங்கி, முப்பதைத் தாண்டிய ஓர் இடத்தில் நின்றது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒரு தோட்டத்தில் அன்று காலை எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதைப் பல நாளாக யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதே தோட்டங்களில் ஒரு பொம்பிளை நேற்று எத்தனை கிலோ எடுத்தாள், அதில் தண்ணிக்கும் படங்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

போத்தலைத் திருப்பி 2014 என்று வாசித்த அன்று எனக்கு இவ்வளவும் தோன்றவில்லை. வயிற்றில் ஏதோ சுருண்டது, அவ்வளவுதான். பிரான்ஸில் யாரோ ருசி பார்த்து, "ஆம், இது போடக்கூடிய வருஷம்" என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களுடைய வெயிலையும் மழையையும் பார்த்து எடுத்த முடிவு அது. எங்கள் மழை வேறு.

*

நல்ல வருஷம், நல்ல பருவம் என்ற பேச்சு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஊவாத் தேயிலைக்கும் ஒரு 'விண்டேஜ்' இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மேற்கே மழை பெய்துவிட்டு மலையைத் தாண்டி இந்தப்பக்கம் வரும் காற்று காய்ந்து போய் வரும். கச்சான் காற்று. லயத்துத் தகரத்தைத் தூக்கும், உதட்டை வெடிக்க வைக்கும். தேயிலைச் செடி அந்தக் காற்றில் தவித்துப்போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளுக்குள் வேறு மாதிரி வேலை செய்கிறது. அப்போது கொழுந்தில் சேரும் வாசனைகளில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலத்தில் இருக்கும் அதே சாமான்தான். தூளில் அது மெல்லிய ஒரு குளிர்ந்த வாசமாக வரும். 1883இலிருந்து நடக்கும் கொழும்பு ஏலத்தில் இந்தப் பருவத்து ஊவாத் தேயிலைக்குத் தனி விலை. ஜப்பான்காரர்களும் ஜெர்மன்காரர்களும் காத்திருந்து வாங்குகிறார்கள். டார்ஜீலிங், சீனத்துக் கீமுன், ஊவா, இந்த மூன்றும்தான் உலகத்தின் பெரிய தேயிலைகள் என்று சொல்வோர் உண்டு. டார்ஜீலிங்கைத் 'தேயிலைகளின் ஷாம்பெயின்' என்றே விளம்பரம் செய்கிறார்கள்.

இதையெல்லாம் நான் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். "நீங்க ஆகஸ்ட்ல எடுக்குற கொழுந்து உலகத்துலயே பெரிய கொழுந்தும்மா" என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆகஸ்ட்லயா? ஆகஸ்ட்லதான் எனக்கு அரைப்பேரு" என்றார்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர். எங்கள் பக்கம் பதினெட்டு கிலோ. எடுக்காவிட்டால் அரைப்பேர். மழைக்காலத்தில் கொழுந்து குபுகுபுவென்று வரும், மத்தியானத்துக்குள்ளேயே கிலோ சேரும். கச்சான் காற்றில் செடி வளராது. எடுக்கக் கொழுந்து இருக்காது. காலையிலிருந்து மலை மலையாக ஏறி இறங்கினாலும் கூடை நிறையாது. அந்தக் கொஞ்சக் கொழுந்துதான் ஏலத்தில் அதிக விலைக்குப் போகிறது.

வாங்குபவனுக்கு நல்ல பருவம், அம்மாவுக்கு அரைப்பேர்ப் பருவம். இரண்டும் ஒரே காற்றால் வருவது. இதை எந்தத் தேயிலைப் பெட்டியின் பின்பக்கத்திலும் நான் வாசித்ததில்லை. 22 வருஷம் அதே வீட்டில் வளர்ந்தும் அம்மா சொல்லும்வரை எனக்கும் தெரியாது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டல் வெளிநாட்டுக் கடைகளில் 300 அமெரிக்க டொலரைச் சுற்றி, அதற்கு மேலும் போகிறது. நம் காசுக்குச் சுமார் 90,000 ரூபாய். கொழும்பு ஹோட்டலில் அதைவிடக் கூடும். 2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் அம்மா கிட்டத்தட்ட 67 முழுப்பேர் போட வேண்டும், அரைப்பேர் ஒன்றுகூட விழாமல். அண்ணன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போத்தலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். "நான் ஊத்துனப்ப கொஞ்சம் மேசையில சிந்திருச்சு பாப்பா. அது மட்டும் ரெண்டு நாள் சம்பளம் இருக்கும்" என்றான்.

*

ஒருவேளை அங்கே எல்லாம் சரியாக இருக்கும், இங்கேதான் இப்படி என்று நினைத்துத் தேடினேன். அதுவும் இல்லை.

ஷாம்பெயினுக்குத் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது என்பது விதி. கறுத்தத் திராட்சையின் தோல் கிழிந்தால் சாற்றில் நிறம் ஏறிவிடும், அதனால் குலை குலையாக நோகாமல் எடுக்க வேண்டும். வருஷாவருஷம் செப்டம்பரில் லட்சம் பேருக்குமேல் பறிக்க வருகிறார்கள். குனிந்த முதுகு, கையில் கத்தரி, சில இடங்களில் கிலோக் கணக்கில் கூலி. வெயில் கொளுத்திய 2023 அறுவடையில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் சிலர் செத்துப்போனார்கள். அதே அறுவடையில் ஆபிரிக்காவிலிருந்து வந்த, ஆவணம் இல்லாத தொழிலாளர்கள் பலரை ஒரு பாழடைந்த வீட்டில் அடைத்துவைத்து வேலை வாங்கியது பிடிபட்டது. 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மூன்று பேரை ஆட்கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 57 பேர். நம் போத்தல் செய்த வீட்டுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆட்களைப் பிடித்துக்கொடுத்த இடைத்தரகர்களின் வழக்கு அது. அதை வாசித்தபோது எனக்குப் பழைய கங்காணிக் கதைகள் ஞாபகம் வந்தன. ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்து, வழிச்செலவைக் கடனாக எழுதிவைத்த கதைகள்.

இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது. 1911இல் அந்தப் பிரதேசத்துத் திராட்சை விவசாயிகள் கிளம்பினார்கள். சில வியாபாரிகள் வெளியூர்ப் பழத்தைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்று பேர் போட்டு விற்றதால் இவர்கள் பழத்துக்கு விலை இல்லை. ஆய் என்ற ஊரில் நிலவறைகளை உடைத்தார்கள், தெருவில் வைன் ஓடியது, பட்டாளம் வந்தது. 'ஷாம்பெயின்' என்ற பேரை எந்த மண்ணில் விளைந்ததற்கு மட்டும் போடலாம் என்று இன்று இருக்கும் கறாரான சட்டத்துக்குப் பின்னால் அந்தக் கலவரமும் இருக்கிறது. லேபிளில் யார் பேர், எந்த ஊர்ப் பேர் வரவேண்டும் என்பதற்காகச் சனங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். நாங்களும் சத்தியாக்கிரகம் இருந்திருக்கிறோம், காலிமுகத்திடலில்கூட உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் கோரிக்கை எப்போதும் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. சம்பளமே கிடைக்காதபோது பேரைக் கேட்க எங்கே நேரம்?

*

போன மாதம் லீவில் வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, ஒங்களுக்கு எது நல்ல வருஷம்?"

"என்னா நல்ல வருஷம்?"

"இந்தப் போத்தல்ல போட்டிருக்க மாதிரி. நீங்க போடுறதா இருந்தா எந்த வருஷத்த போடுவீங்க?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தார். நான் போனில் எழுதிக்கொண்டேன். சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

2003. நான் பிறந்த வருஷம். "நீ வயித்துல இருந்தப்ப பச்ச மலையில கொழுந்து அவ்வளவு வந்துச்சு. ஏழு மாசத்துலயும் முழுப்பேரு போட்டேன்."

2009. லயத்துக்குப் பின்னால் சொந்தமாகக் கக்கூஸ் கட்டிய வருஷம். அதற்கு முன் இருட்டினால்தான் போகலாம்.

2017. அண்ணன் சாதாரண தரம் பாஸ் பண்ணிய வருஷம். கணக்கில் மட்டும் எஸ்.

2021. நாட்சம்பளம் ஆயிரமான வருஷம். "அந்த வருஷத்த பாதி போடு. ரூபாய ஏத்துனப்ப கிலோவையும் ஏத்துனாங்க."

2023. நான் கம்பஸ் போன வருஷம். மலையகத்துக்கு 200 வருஷம் என்று எல்லாரும் பேசிய வருஷமும் அதுதான். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. அவருக்கு 2023 என்றால் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேராதனைக்கு வந்து விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்த நாள்.

"2014?" என்று நானே கேட்டேன்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அதையும் போடு" என்றார். "நல்ல வருஷம்னு போடாத. சும்மா வருஷத்த மட்டும் போடு. இல்லன்னா மறந்துருவாங்க."

லேபிளில் இருப்பதும் சும்மா வருஷம் மட்டும்தான், அம்மா. வேறு ஒன்றும் எழுதியிருக்காது. வாங்குபவர்களுக்கு அது என்ன வருஷம் என்று தெரியும். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

மீரியபெத்தைக்கு 2025 ஒக்டோபர் 29ஓடு 11 வருஷம் ஆனது. தப்பித்தவர்கள் இரண்டு வருஷத்துக்குக் கிட்டத் தற்காலிக இடங்களில் கிடந்து, பிறகு 2016இல் மகால்தெனியவில் புது வீடுகளுக்குப் போனார்கள். இங்கே ஹல்துமுல்லையிலும், பூனாகலைப் பக்கமும், எந்த மழைக்கும் மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு படுக்கும் லயங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டிலும் போன வருஷம் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. அப்பா அதில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்திருக்கிறார். மழை விட்டதும் முதலில் போய் அதைத்தான் பார்ப்பார்.

லேபிளைச் சுரண்டிவிடவா என்று அண்ணன் கேட்டான், எண்ணெய் பட்டு அழுக்காகிவிட்டது என்று. வேண்டாம் என்றார் அம்மா.